வெறுங்கால் பக்தி

ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் வேலை சொல்கிறவர்கள் இரண்டே தரப்பு. காலையில் வீட்டில், ரேஷன் கடைக்கு. மற்ற நேரமெல்லாம் எங்கள் துறையின் வாட்ஸப் குழு. இப்போது வேலையில் இருக்கும் பிள்ளைகள், ஆண்டு மலருக்கு என் சர்வீஸ் அனுபவத்தை எழுதித் தரவேண்டும், கொஞ்சம் பாசிட்டிவாக இருந்தால் நல்லது என்று கேட்டு, கைகூப்பும் பொம்மை நாலைந்தையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். நான் வேலை பார்த்தது தொழுநோய்ப் பிரிவு. அங்கே பாசிட்டிவ் என்று சொன்னால் யாரும் கைதட்ட மாட்டார்கள். இருந்தாலும் பொம்மையெல்லாம் போட்டுக் கேட்டுவிட்டார்கள், எழுதுகிறேன்.

பிரிவு என்றேனே, அது இப்போது இல்லை. ஒருநாள் மேலிடத்தில் நோயை ஒழித்தாகிவிட்டது என்று அறிவித்தார்கள். நோய்க்கு மட்டும் அந்தத் தகவல் போய்ச் சேரவில்லை. அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. எங்களைப் பொதுச் சுகாதாரத்தோடு சேர்த்துவிட்டார்கள். காலையில் கொசுப்புழு, மதியம் தடுப்பூசி முகாமுக்கு நாற்காலி போடுவது, நேரம் மிஞ்சினால் தொழுநோய்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தேமல் மாதிரித் தெரியும் இடத்தில் பேனா முனையால் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு தொட்ட இடத்தைக் காட்டச் சொல்ல வேண்டும். காட்டத் தெரியாமல் விழித்தால் நமக்கு ஒரு கேஸ். மாத்திரை கிருமியைக் கொன்றுவிடும், ஆனால் செத்த நரம்பு திரும்பி வராது. உணர்ச்சி போன காலில் முள் குத்தினாலும் ஆணி ஏறினாலும் அவருக்குத் தெரியாது. புண் வரும், எலும்பு வரைக்கும் போகும். இவ்வளவுதான் பாடம். இதற்குத்தான் மாதக்கணக்கில் ஹாஸ்டல் சாம்பார் சாப்பிட்டோம்.

நான் ஆர்.சி. கிறிஸ்தவன். ஞானஸ்நானம், புதுநன்மை, கல்யாணம் எல்லாம் கோயிலில் நடந்தது. அடுத்து அடக்கத்துக்குப் போனால் போதும் என்று இருந்தேன். காரணம் இருக்கிறது. விரல் மடங்கி, வேலை போய், வீட்டில் தனித் தட்டு வைக்கப்பட்ட மனிதரிடம் போய், நம்ம ஆட்கள் ஒரே வசனத்தைச் சொல்வார்கள்: ஆண்டவர் தமக்குப் பிடித்தவர்களைத்தான் சோதிப்பார். இதைச் சொல்கிறவருக்கு உடம்பில் ஒரு கீறல் இருக்காது. 'அப்ப ஆண்டவருக்கு என்னையப் புடிக்காமலே இருக்கட்டும் சார்' என்று அரிமளம் பக்கம் ஒரு நோயாளி என்னிடம் சொன்னார். எனக்குத் தெரிந்து அந்த வசனத்துக்கு அதைவிட நல்ல விளக்கம் யாரும் கொடுத்ததில்லை.

எங்கள் சூப்பர்வைசர் எஸ்தர் மேடம். அவர் புராட்டஸ்டன்ட். குரலை உயர்த்தி நான் கேட்டதேயில்லை. திட்டுவதைக்கூட மரியாதையாகத்தான் செய்வார். 'ஞானம் சார், இன்னைக்கு நல்லா வேலை பாத்தீங்க. அதையே இன்னொரு தடவை சரியாப் பாத்துருவமா?' என்பார். திட்டு வாங்கிவிட்டோம் என்பது வீட்டுக்குப் போய்ச் சாப்பிடும்போதுதான் உறைக்கும். ஜீப் கிளம்பும்முன் கண்ணை மூடி ஒரு ஜெபம் செய்வார். அந்த ஜீப்பின் பிரேக் இருந்த நிலைமைக்கு நாத்திகனும் கண்ணை மூடத்தான் செய்வான். ஆனால் நோயாளியிடம் ஒருநாளும் ஆண்டவர் பேச்சை எடுத்ததில்லை. வந்தது காலைப் பார்க்க, காலைப் பார்ப்போம் என்பதே அவர் கட்சி.

குன்றாண்டார்கோவில் வட்டாரத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். அதன் பின்னால் ஜெனரேட்டர் ஷெட்டை ஒட்டி வாரம் ஒருநாள் எங்கள் கால் கிளினிக். எஸ்தர் மேடம் காலைப் பார்ப்பதற்கு முன்னால் செருப்பைக் கேட்பார். நாங்கள் கொடுக்கும் எம்.சி.ஆர். செருப்பு மெத்தென்ற கறுப்பு ரப்பரில் செய்தது, குதிகாலில் ஒட்டுப் பட்டி இருக்கும். அதைக் கவிழ்த்து எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பார். உள்ளே விரலை ஓட்டி முள்ளோ கல்லோ தட்டுப்படுகிறதா என்று தடவுவார். அப்புறம்தான் பேசினில் தண்ணீர். நோயாளி தொட்டுப் பார்த்தால் சூடு தெரியாது என்பதால் தன் முழங்கையை விட்டுப் பார்ப்பார். கால் ஊறினதும் சொரசொரப்பான கல்லால் தடித்த தோலை மெதுவாகத் தேய்ப்பார். துடைக்க மாட்டார். ஈரம் உள்ளேயே நிற்க, அந்த ஈரத்தின் மேலேயே தேங்காயெண்ணெய். கடைசியாகப் புறங்கையை உள்ளங்காலில் வைத்துப் பார்ப்பார். ஓர் இடம் மட்டும் சூடாக இருந்தால் உள்ளே ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். இவ்வளவையும் அவர் கையுறை இல்லாமல் செய்வதைப் பார்த்துவிட்டு, எட்டி நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு 'எவ்வளவு பெரிய சேவை' என்று சொல்லிப்போன அதிகாரிகளும் உண்டு.

அந்த கிளினிக்குக்கு வந்தவர்தான் சவரிமுத்து. கொத்தனார். நோயைக் கண்டுபிடிப்பதற்குள் இரண்டு பாதமும் மரத்துவிட்டது. வலது கை விரல்கள் மடங்கிச் சாந்துக் கரண்டி பிடிக்க முடியாமல் போயிற்று. மாத்திரை தின்று நோய் குணமாகிவிட்டது, ஒருவருக்கும் ஒட்டாது என்று நாங்கள் வீடு வீடாகச் சொன்னோம். ஊர் மிகக் கவனமாகக் கேட்டுக்கொண்டு தள்ளியே நின்றது. டீக்கடையில் அவருக்கென்று ஒரு கிளாஸ் தனியாக வைத்திருந்தார்கள். பேப்பர் கப் வந்த பிறகு அந்தப் பிரச்சினை நாகரிகமாகத் தீர்ந்தது. அவர் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு, கொஞ்ச நாளில் வாரோம் என்று திருப்பூருக்குப் போனார். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

அவர் ஒருநாள் கல்குவாரிப் பள்ளத்துத் தண்ணீரில் விழுந்துவிடலாம் என்று கிளம்பியிருக்கிறார். போகிற வழியில் ஆர்.சி. கோயில். பின்சுவர் ஓரமாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாராம். இங்கிட்டு உக்காராதே என்று யாரும் சொல்லவில்லையாம். மறுநாளும் வந்து உட்கார்ந்தார். அப்புறம் உள்ளே கடைசி வரிசை. ஜெபமாலை முழுக்கப் பாடமாயிற்று. மடங்கிய விரலை என்னிடம் காட்டி, 'மணி உருட்ட இதுதான் சார் தோது, நழுவாது' என்று சிரித்தார். எங்கள் ஸ்டோரில் கிருமிக்கு மாத்திரை இருந்தது. காலையில் எழுந்திருப்பதற்கு மாத்திரை கிடையாது. அதை அந்தக் கோயில்தான் அவருக்குக் கொடுத்தது. எனக்குப் பிடிக்காவிட்டாலும் இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

வில்லங்கம் இடது காலில் இருந்தது. முன்பாதத்தில் ஒரு புண். மாவுக்கட்டுப் போட்டு ஓய்வில் வைத்தால் ஆறும், கட்டைப் பிரித்துக் கொஞ்ச நாளில் மறுபடி வாயைத் திறக்கும். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் வந்தால் நிச்சயமாகத் திறக்கும். எஸ்தர் மேடம் ஒருநாள் அவர் செருப்பைக் கையில் வைத்து வெகுநேரம் திருப்பிப் பார்த்தார்.

'சவரிமுத்து அண்ணே, செருப்பு புதுசாவே இருக்கு, காலு மட்டும் தேஞ்சிருக்கு. எங்க கழட்டிப் போடுறீங்க?'

கோயிலில்தான், வேறெங்கே. நம்ம ஊர்க் கோயிலில் செருப்பை கேட்டிலேயே கழற்றிவிட வேண்டும். கேட்டிலிருந்து வாசல் வரைக்கும் முன்பு செம்மண்ணாக இருந்தது. வளைகுடா நாட்டில் இருக்கும் இந்தக் கோயில் பங்கு மக்கள் சேர்ந்து, ஊருக்கு நல்லது செய்வோம் என்று, வளாகம் முழுவதும் சிமெண்டு பேவர் பிளாக் பதித்துக் கொடுத்தார்கள். மதிய வெயிலில் அதில் அப்பளம் பொரிக்கலாம். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை அதன் மேல்தான் நடக்கும். ஆண்டவர் சிலுவை சுமந்துபோன பதினாலு நிலையிலும் நின்று, முட்டி போட்டு, ஜெபம் சொல்லி எழுந்திருக்க வேண்டும்.

'எல்லாரும் சூடு தாங்காம தாவித் தாவிப் போவாங்க சார். நான் மட்டுந்தான் நிதானமாப் போவேன்' என்றார் சவரிமுத்து. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது.

விஷயம் இதுதான். கொதிக்கிற கல்லில் முகம் சுளிக்காமல் நிற்கும் மனிதரைப் பார்த்து ஊர் அசந்துபோய்விட்டது. இவருக்கல்லவா விசுவாசம் என்று பெண்கள் பேசினார்கள். பங்குச்சாமியார் பிரசங்கத்தில் அவரை உதாரணம் காட்டினார். இளைஞர்கள் வீடியோ எடுத்து, சோகமான வயலின் சேர்த்து, 'வெறுங்கால் பக்தி' என்று தலைப்பும் கொடுத்து அனுப்பினார்கள். துபாயிலும் குவைத்திலும் கண்ணீர் விட்டார்களாம். மரத்துப்போன காலை மகிமை என்று ஒரு பங்கே சேர்ந்து கொண்டாடியது. எட்டி நின்றவர்கள் கிட்டே வந்து வணக்கம் சொன்னார்கள். அந்த வருடம் பெரிய வெள்ளி சிலுவைப்பாதையில் பெரிய சிலுவையைத் தூக்க அவரையே தேர்ந்தெடுத்தார்கள். கடைசி வரிசை ஆள் முன்வரிசைக்கு வந்துவிட்டார்.

அதே தவக்காலத்தில்தான் மாவட்ட மருத்துவமனையில் எக்ஸ்ரே பார்த்த டாக்டர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டார். எலும்பு வரைக்கும் சீழ் போய்த் திரும்பியிருக்கிறது, இப்போதுதான் மேல்தோல் மூடியிருக்கிறது, இன்னொரு தடவை திறந்தால் முட்டிக்குக் கீழே எடுப்பதைத் தவிர வழியில்லை என்றார். பெரிய வெள்ளிக்கு அதிக நாள் இல்லை.

எஸ்தர் மேடம் என்னையும் இழுத்துக்கொண்டு பங்குச்சாமியாரைப் பார்க்கப் போனார். வேறு சபைப் பெண்மணி வந்து நம்ம கோயிலுக்குள் செருப்புப் போட அனுமதி கேட்கிறார் என்பது அதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. சாமியார் நல்ல மனிதர்தான். ஆனால் நல்ல மனிதர்களுக்குத் தனியாக முடிவெடுக்க வராது. பங்குப் பேரவையைக் கோயிலுக்குள்ளேயே கூட்டினார்.

அந்தக் கூட்டத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கோயிலுக்குள் செருப்பு வருவதும் நாய் வருவதும் ஒன்று என்றார் ஒருவர். அவர் சொன்னபோது மின்விசிறிக்கு அடியில் ஒரு நாய் சுகமாகப் படுத்திருந்தது. சவரிமுத்து நடக்கும் தடத்தில் மட்டும் ஈரச் சாக்கு விரிக்கலாம் என்றார் இன்னொருவர். அப்படியானால் எல்லாரும் சாக்கிலேயே நடப்பார்களே, தவமுயற்சி என்ன ஆவது என்று அது தள்ளுபடியானது. பிஷப் இருக்கும் ஆயர் இல்லத்துக்கு எழுதிக் கேட்போம், பதில் அடுத்த தவக்காலத்துக்குள் வந்துவிடும் என்று ஒரு யோசனை. பேரவைச் செயலாளர் ஆரோக்கியசாமி வாத்தியார், இவருக்கு விட்டால் நாளைக்கு சர்க்கரை வியாதிக்காரரெல்லாம் போட்டுக்கொண்டு வருவார்களே என்று கவலைப்பட்டார். வரட்டுமே, அவர்களுக்கும் கால்தானே என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

எனக்குப் பொறுமை போய்விட்டது. எழுந்து பீடத்தைக் காட்டினேன். அங்கே சூசையப்பர் சுரூபம், கையில் லீலி மலரும் காலில் வாரோடு கூடிய செருப்புமாக நின்றது.

'சூசையப்பர் செருப்போடதான வாத்தியாரே நிக்கிறாரு?'

'அவரு புனிதருங்க' என்றார் வாத்தியார்.

சாமியார் சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் முகம் மாறியது. 'பிரசங்கத்துல அந்த மனுசனைத் தூக்கி நிப்பாட்டினது நாந்தான். செருப்பைப் போட்டுக்கிடட்டும். யாருக்காச்சும் வருத்தம்னா என்கிட்ட வாங்க' என்றார். கூட்டம் முடிந்தது. டீயும் முறுக்கும் வந்தன. நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து இரண்டு முறுக்கு அதிகமாகவே தின்றேன்.

யாரும் சவரிமுத்துவைக் கேட்கவில்லை என்பது அடுத்த கிளினிக்கில்தான் தெரிந்தது.

குருத்து ஞாயிறு முடிந்து பெரிய வெள்ளி வரும் வாரம். அவர் கால்கள் பேசினில் ஊறிக்கொண்டிருந்தன. அனுமதி கிடைத்ததைச் சொன்னோம். அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

'வேணாங்க மேடம். சாமியே சொன்னாலும் நான் போட மாட்டேன்.'

ஏன் என்று மேடம் கேட்டார்.

'அந்தக் கறுப்புச் செருப்பைப் பாத்தாலே பெரியவியாதின்னு ஊருக்குத் தெரியும். அதைப் போட்டு நடந்தா பாக்குறவங்களுக்கு வியாதிதான் தெரியும். வெறுங்காலோட நடந்தாத்தான் சவரிமுத்து தெரியுறான். மறுபடி என்னைய அந்தத் தனி கிளாசுக்கு அனுப்பாதீங்க. காலு போனாப் போகட்டும். ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்ததா இருந்துட்டுப் போகட்டும்.'

அவர் அழுதிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். அவர் ரேஷன் கார்டில் முகவரி மாற்றுவது மாதிரி நிதானமாகச் சொன்னார். எனக்குக் கோபம் தலைக்கேறி, காலை எடுத்த பிறகு சிலுவையை எதன் மேல் நின்று தூக்குவீர்கள் என்று கத்திவிட்டேன். மேடம் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். மேடம் அவருடைய ஒரு காலைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்து எண்ணெய் தடவ ஆரம்பித்தார்.

'அண்ணே, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்கிறாதீங்க. அந்தக் கல்லு ஒங்களுக்குச் சுடுதா?'

'இல்லீங்க. அதான் ஒங்களுக்கே தெரியுமே.'

'எல்லாருக்கும் முன்னால செருப்புப் போட்டு நடக்குறதை நெனச்சா?'

அவர் பக்கத்தில் கிடந்த கறுப்புச் செருப்பைப் பார்த்தார். மேடம் எண்ணெய் தடவிக்கொண்டே இருந்தார். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

'சுடுது' என்றார்.

'ஒங்களுக்குச் சுடாததை எடுத்துக் குடுத்துட்டு ஒப்புக்கொடுத்தேங்கிறீங்க. குடுக்குறதுன்னா சுடுறதைக் குடுங்கண்ணே.'

அவ்வளவுதான் மேடம் சொன்னது. வேலை பார்த்த இடத்தில் அவர் வாயிலிருந்து மதம் சம்பந்தமாக நான் கேட்டது அது ஒன்றுதான். சவரிமுத்து காலை இழுத்துக்கொண்டார். செருப்பை மாட்டினார், வாரேன் என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டார். நோயாளியின் மனதைப் புண்படுத்திவிட்டோமோ என்று மேடம் அன்று பூராவும் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். அவர் தைரியமெல்லாம் அந்தப் பேசினோடு சரி.

பெரிய வெள்ளியன்று நானும் மேடமும் போனோம். அரசு விடுமுறை நாளில் என்னை எங்கேயும் வேலைக்குக் கூட்டிப்போக முடியாது என்று பெயர் வாங்கியவன் நான். அன்று யாரும் கூப்பிடாமலே போய் நின்றேன். கேட்டில் செருப்பைக் கழற்றி, பேவர் பிளாக்கில் கால் வைத்ததும் சூடு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. இந்தக் கல்லைத் தேர்ந்தெடுத்தவர் நல்லா இருக்கட்டும். பங்கே தாவிக்கொண்டிருந்தது, நானும் தாவினேன்.

சாமியார் உடுப்பு மாற்றும் சக்ரிஸ்து அறை வாசலிலிருந்து சிலுவை வெளியே வந்தது. அதன் கீழே சவரிமுத்து. நான் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தேன். தொழில் புத்தி. கறுப்பு எம்.சி.ஆர். செருப்பு, பட்டி இரண்டும் இறுக்கி ஒட்டியிருந்தது. கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. செல்போனைத் தூக்கியிருந்த பையன்கள் கொஞ்சம் யோசித்துவிட்டு, இடுப்புக்கு மேலே மட்டும் எடுத்தார்கள். அவர் தலையைக் குனியவில்லை. ஒவ்வொரு நிலையிலும் நின்றார், முட்டி போட்டார், எழுந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் நிற்காமல் வழிந்துகொண்டிருந்தது. ஆண்டவரோட பாடுகளை நெனச்சு அழுகுறாரு என்று எனக்குப் பக்கத்தில் ஓர் அம்மா உச்சுக்கொட்டினார். அவர் எதற்கு அழுதார் என்பது அந்தக் கூட்டத்தில் எங்கள் இருவருக்கும்தான் தெரியும். அதுவும் பாடுதான் என்று இப்போது தோன்றுகிறது. எனக்கும் கண் நிறைந்துவிட்டது. மேடம் திரும்பிப் பார்த்தபோது, கல் ரொம்பச் சுடுகிறது மேடம் என்றேன்.

கால் தப்பித்தது. புண் அந்த வருடமும் திறக்கவில்லை, அதற்குப் பிறகும் திறக்கவில்லை. ஆனால் ஊர் அவரை மன்னிக்கவில்லை. சவரிமுத்துவுக்குப் பழைய விசுவாசம் இல்லை, ஆஸ்பத்திரிக்காரர்கள் கெடுத்துவிட்டார்கள் என்று பேச்சு. அடுத்த வருடச் சிலுவை துபாயிலிருந்து லீவில் வந்த ஓர் எஞ்சினியருக்குப் போயிற்று. அவர் வெறுங்காலில் நடந்து கொப்புளம் வாங்கி, கட்டுப் போட்ட காலைப் படமெடுத்து ஸ்டேட்டஸில் வைத்தார். ஏகப்பட்ட இதயம் விழுந்தது. வீடியோவும் வணக்கமும் நின்றுபோய், சவரிமுத்து பழையபடி கடைசி வரிசைக்குப் போனார்.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டுக்காக அந்தப் பக்கம் போனபோது அவரைக் கோயில் வாசலில் பார்த்தேன். மீசை நரைத்திருந்தது. சொந்தக் காலில் நின்றார். சும்மா இருக்க மாட்டாத வாய் என்னுடையது. என்ன அண்ணே, பெரிய ஸ்டாரா இருந்தீங்க, இப்ப ஒருத்தரும் திரும்பிப் பாக்குறதில்லையாமே என்று கிண்டினேன்.

'ஆமா சார், நல்லதாப் போச்சு' என்றார். 'அப்பல்லாம் ஜெபம் பண்ணும்போது, யாராச்சும் பாக்குறாங்களான்னு ஒரு கண்ணு தொறந்தே இருக்கும். இப்ப ரெண்டு கண்ணையும் மூடிக்கிட முடியுது.'

பூசைக்கு மணி அடித்தது. அவர் செருப்போடு உள்ளே போனார். நான் என்னுடையதைக் கேட்டில் கழற்றிவிட்டு அவருக்குப் பின்னால் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.